பின்சந்தில் எரிந்த அடுப்பு

உள்ளங்கையில் அடங்கிவிடும் வட்டமான வெள்ளைத் தாள் அது. காற்றை உறிஞ்சும் இயந்திரத்துக்குள் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வெளியே வரும்போது, அதன் நிறத்தைப் பார்த்தே ஊர் எதைச் சுவாசித்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மாசாய் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட மாடியில் அந்த இயந்திரத்தை வைத்திருந்தோம். வார நாட்களில் தாள் சாம்பல் நிறத்தில் வரும். சனி, ஞாயிறுகளில் மட்டும் பழுப்பேறி, மூக்கருகே கொண்டுபோனால் விறகு வாசனை அடிக்கும்.

வட்டாரத்தின் காற்றில் எந்தப் புகை எங்கிருந்து வந்து கலக்கிறது என்று கணிப்பது என் வேலை. வரைபடத்தை ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் ஆலைகள், வாகனங்கள், வீட்டு அடுப்புகள் எவ்வளவு புகை விடுகின்றன என்று கணினிக்குச் சொல்வேன். காற்றின் திசையையும் சேர்த்துக்கொண்டு, எங்கே எவ்வளவு மாசு இருக்க வேண்டும் என்று அது எனக்குச் சொல்லும். அது சொன்னதும் நாங்கள் அளந்ததும் ஒத்துப்போனால் நிம்மதியாகச் சாப்பிடுவேன். மாசாய்ச் சதுரம் என்னைச் சாப்பிடவிடவில்லை. விறகு எரிந்தால் மட்டும் உண்டாகும் ஒரு பொருள் அந்தத் தாள்களில் ஏராளமாக இருப்பதாக ஆய்வுக்கூடம் சொன்னது. கணினியோ, இங்கே விறகே இல்லை என்றது.

வீடுகளில் விறகு இல்லை என்று கணினிக்குச் சொன்னவள் நான்தான். வீடு வீடாகப் போய்க் கேட்டு எனக்குச் சொன்னவர் அக்கா. கணக்கெடுப்புக்காக ஆறு மாத ஒப்பந்தத்தில் எங்களிடம் சேர்ந்தவர், அதே மாசாயில் குடியிருப்பவர். வயதில் என்னைவிட இரண்டு வருடம் இளையவர்தான். அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் வெட்கமில்லாமல் அப்படியே கூப்பிட்டேன். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, கேட் கேட்டாக நின்று, கொடுத்த மைலோவையெல்லாம் குடித்துவிட்டு அவர் நிரப்பிக் கொண்டுவந்த படிவங்கள் அத்தனையிலும் ‘கேஸ்’ என்றே இருந்தது.

அப்படியானால் ஆலைதான் என்று முடிவு கட்டினேன். பக்கத்திலேயே ஒட்டுப்பலகை ஆலை ஒன்று இருந்தது. வார இறுதியில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று கழிவுக் கட்டையைக் கொதிகலனில் போட்டு எரிக்கிறார்கள். வேறென்ன இருக்க முடியும்? எனக்குக் கோபம் வந்துவிட்டால் ஆதாரம் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். அறிக்கையை மடமடவென்று எழுதத் தொடங்கினேன். அக்கா மேசையருகே வந்து அதைப் படித்தபடி நின்றார். கையிலிருந்த படிவங்களைக் கவிழ்த்து வைத்தார்.

“மேடம், அது கம்பெனி இல்ல. நாங்கதான்.”

எனக்குப் புரியவில்லை.

“சனி ஞாயிறுல கோயிலு, கல்யாணம்னு சாப்பாட்டு ஆர்டர் வரும். எங்க லைன்ல பாதி வீட்டுல அதான் பொழப்பு. கம்பெனியில தூக்கிப் போடற பேலட் கட்டைய ஒடச்சி, பின்சந்துல வெச்சி பெரிய குண்டான்ல ஆக்குவோம். நானுந்தான்.”

“அப்புறம் ஏன் எல்லாரும் கேஸ்னு சொன்னாங்க?”

“நீங்க கேட்டது வீட்டுச் சமையலறைய. அங்க கேஸ்தானே லா?”

தலையில் குட்டிக்கொள்ள வேண்டியவள் நான். யாரும் பொய் சொல்லவில்லை. பின்சந்தில் எரிவது அவர்களுக்குத் தொழில், வீட்டுச் சமையல் அல்ல. பத்து பாகாட் என்ற ஊரில் என் சொந்த அத்தையே அப்படித்தான் தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு விற்றார். படிவத்துக்குக் கேள்விகள் எழுதும்போது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அக்கா போகாமல் நின்றார்.

“எழுதுனா வந்து அடுப்ப அணைச்சிருவாங்களா மேடம்? எனக்கு அதான் சோறு. ஆனா எழுதாம விட்டா கம்பெனி மாட்டிக்கும். அங்க வேல செய்றதும் எங்க ஆளுங்கதான்.”

அணைக்கமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பயமாக இருந்தது. எழுதத்தான் வேண்டும் என்றேன். தலையாட்டிவிட்டு, புதுப் படிவம் ஒன்றை எடுத்து முதலில் தன் வீட்டை நிரப்பினார். பிறகு இருவரும் ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி நடந்தோம். ஏசினார்கள். ஒரு வீட்டில் அக்காவிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அவர் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த கேட்டுக்குப் போனார்.

திருத்திய எண்களைக் கொடுத்ததும் கணினியும் தாளும் ஒத்துப்போயின. அறிக்கையை வைத்த கூட்டத்தில் நகராட்சி அதிகாரி முதலில் கேட்டது, எந்தெந்த வீடுகள் என்று. என் வரைபடத்தில் சதுரங்கள்தான் உண்டு, வீடுகள் கிடையாது என்றேன். உடனே, அதே சமையலைக் கேஸ் அடுப்பில் செய்தால் என்ன ஆகும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்திருந்த இன்னொரு வரைபடத்தைக் காட்டினேன். சிவப்பாக இருந்த சதுரம் அதில் மஞ்சளாக இருந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்தக் குடியிருப்பின் பொது மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சமையற்கட்டு பூட்டியே கிடக்கிறது என்று அவராகவே சொன்னார்.

பூட்டைத் திறக்க மாதங்கள் ஆயின. பெரிய கேஸ் அடுப்புகள் வந்தபின்னும், கேஸில் வைத்தால் பிரியாணிக்கு ருசி ஏறாது என்று முனகல். அடுத்த சந்தில் இரண்டு வீடுகளில் இன்றும் கட்டைதான் எரிகிறது. அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் மறு கணக்கெடுப்புக்கு நானே போனேன். அக்காவின் ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது அவருக்குச் சமையலுக்கே நேரம் போதவில்லை. முன்பு முகம் கொடுக்காத அந்த வீட்டுப் பெண்மணிதான், “பின்னாலயும் வந்து பாருங்க மேடம்” என்று கூப்பிட்டார். பின்சந்துக்குப் போனேன். அக்காவும் வந்து சேர்ந்தார். சுவரில் பழைய கரி அப்படியே இருந்தது. அதற்கு முன்னால், சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கொடி கட்டி, பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகளை வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தச் சந்தில் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணி காய்ந்து நான் பார்த்ததில்லை. படிவத்தை எடுத்தேன், எழுத்து தெரியவில்லை.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அட அலமாக், இப்பதான் பொகையே இல்லையே மேடம். அப்புறம் எதுக்குக் கண்ணுல தண்ணி?”