நாற்பது பவுண்டு அதிகம்

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ரவுண்ட் ராக்கில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் அடுப்படி மாதிரி கொதித்தது. காரை வெளியே நிறுத்திவிட்டு, மறுநாள் எடுத்துப்போக வேண்டிய சாமான்களைத் தரையில் பரப்பி, நடுவில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவையாக எடையைக் கூட்டினேன். மூன்று தடவையும் முப்பத்தொரு பவுண்டு அதிகமாகவே வந்தது.

மறுநாள் விடிந்ததும் நாங்கள் மூன்று பேர் ஒரு குட்டி விமானத்தில் நாலு நாள் பயணமாகக் கிளம்புவதாக ஏற்பாடு. நான், என் வீட்டுக்காரர், நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்த என் அண்ணன். பக்கத்து ஊர் ஃபிளையிங் கிளப்பில் வாடகைக்கு எடுத்த நாலு சீட் விமானம், ஒரே இன்ஜின். ஓட்டப்போவது நான். லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. மேற்கே மெக்சிகோ எல்லைப் பக்கம் பாலைவனத்துக்குள் போகிறோம். வழியில் ஒரு இடத்தில் இறங்கி பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் கீழே ஊர் கிடையாது, ரோடு கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. இன்ஜின் நின்றால் இறங்குவதற்கு வெட்டவெளி இருக்கிறது. இறங்கின பிறகு தேடி வர ஆள்தான் இல்லை.

அதனால்தான் அவ்வளவு சாமான். குடிதண்ணீர் ஆறு கேலன், முதலுதவிப் பெட்டி, வெயிலைத் திருப்பி அடித்து சிக்னல் கொடுக்கக் கண்ணாடி, சாட்டிலைட்டில் மெசேஜ் அனுப்பும் கருவி, மூன்று பேருக்கும் கணுக்கால் மூடும் ஷூ. போய் இறங்கப்போகும் ஓடுபாதை ஒரு மேட்டு நிலத்தில் இருக்கிறது, நீளமும் குறைவு. ஜூன் மாச வெயிலில் காற்று லேசாகிவிடும். அளவுக்கு மேலே ஏற்றினால் விமானம் ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும், எழும்பாது. எதிரே மலை வேறு. அந்த சூட்டுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மொத்த எடைக்கு எனக்கு நானே ஒரு எல்லை வைத்திருந்தேன். அந்த எல்லைக்கு மேலேதான் இந்த முப்பத்தொன்று.

"புளியோதரையைக் குறைச்சுக்கலாமா?" என்றார் வீட்டுக்காரர், கதவருகே நின்றபடி.

"எவ்ளோ பண்ணியிருக்கே?"

"கொஞ்சம்தான். மூணு டப்பா. அப்புறம் தட்டை. அப்புறம் மச்சானுக்குன்னு சீடை..."

தலையில் அடித்துக்கொண்டேன். "நாம என்ன திருப்பதிக்கா போறோம்? ஒரு டப்பா போதும். மீதியை ஃபிரிட்ஜ்ல வை."

அவர் வைத்துவிட்டார். ஏற்கெனவே ஒரே ஒரு டப்பாவைச் சேர்த்துத்தான் இந்த முப்பத்தொன்று என்று நான் சொல்லவில்லை. பாவம், சமையல்காரர் மனசு நோகும்.

ஜூனில் போக எனக்கு இஷ்டமே இல்லை. அக்டோபரில் போகலாம், குளிர்ந்திருக்கும், விமானமும் சுலபமாக ஏறும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. நான் பறக்கக் கற்றுக்கொள்கிறேன் என்றபோது, "உனக்கு பேரலல் பார்க்கிங்கே வராதே" என்று சிரித்தவன் அவன். மூன்று வருஷமாக என்னோடு ஏற வரமாட்டேன் என்றவன். ஏப்ரலில் திடீரென்று போன் பண்ணி, "ஆளே இல்லாத இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா?" என்றான். அக்டோபர் என்றேன். "அக்டோபர்ல லீவு கிடைக்காது, ஜூன்ல போலாம்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். என் கோபத்தைப் பார்த்து ஆபீஸே நடுங்கும். ஆனால் அவனிடம் மட்டும் ஐம்பது வயதிலும் எனக்கு 'முடியாது' என்று சொல்ல வராது.

அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நியூ ஜெர்சியில் ஐசலின் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட், ஒரு கம்ப்யூட்டர் வேலை, வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு வீடியோ கால், அதிலும் கொஞ்ச மாசமாக கேமரா ரிப்பேர் என்பான். நேரில் பார்த்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகியிருந்தது. புதன்கிழமை ஏர்போர்ட்டில் பார்த்ததும், "என்னண்ணா, இப்படி இளைச்சுட்டே!" என்றேன். "ஆரம்பிச்சுட்டியா?" என்று சிரித்தான். அந்த வெயிலிலும் மேலே ஒரு தொளதொள ஜாக்கெட் போட்டிருந்தான். விமானத்துக்குள் ஏசி ஜாஸ்தி என்றான்.

இரண்டரை மணி. பெட்ரோலைக் குறைக்க முடியாது. வழியில் இருக்கும் பம்ப் ரிப்பேர் என்றால் அடுத்த இடம் வரைக்கும் போக வேண்டும். தண்ணீரைக் குறைக்க முடியாது. ஷூவைக் குறைக்க முடியாது. அப்படியென்றால் ஒரு ஆளைக் குறைக்க வேண்டும். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வேணா நின்னுடறேன்மா. நீங்க அண்ணனும் தங்கச்சியும் போய்ட்டு வாங்க" என்றார். அவர் ஒரு மாசமாக புது கேமரா வாங்கிவைத்துக்கொண்டு காத்திருந்தவர். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத்தான் காட்டினேன்.

"ஒருத்தரும் நிக்க வேணாம். முதல்ல எல்லாரும் ஒழுங்கா எடை பாருங்க. நீங்க சொன்னதைத்தானே எழுதியிருக்கேன்? பார்த்தா எழுதினேன்?"

எங்கள் வீட்டு எடை மெஷின் ஆட்கள் எடை பார்க்க வாங்கியது இல்லை. இந்தியாவுக்குப் போகும்போது சூட்கேஸ் நிறுக்க வாங்கியது, வருஷம் முழுக்க கராஜில் தூசி தின்றுகொண்டு கிடக்கும். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் ஏறி நிற்க வேண்டும், பிறகு ஆளின் எடையைக் கழிக்க வேண்டும். நம்மூர்க்காரர் வீடுகளில் எல்லாம் இதே கதைதான். காலையில் பைகளை அப்படித்தான் நிறுத்து எழுதியிருந்தேன். ஆனால் வீட்டுக்காரரையும் அண்ணனையும் மட்டும் வாயால் கேட்டு எழுதிவிட்டேன். ஃபிளையிங் கிளப்பில் யார் ஏறினாலும் மெஷினில் நிறுத்திவிட்டுத்தான் ஏற்றுவேன். சொந்த மனுஷர்களை எப்படி ஏறி நில் என்பது, மரியாதை இல்லாமல்? இந்த மரியாதைதான் என்னுடைய தப்பு.

வீட்டுக்காரர் ஏறினார். நூற்று எண்பது என்று சொல்லியிருந்தவர் நூற்று எண்பத்தொன்பது காட்டினார்.

"மெஷின் சரியில்ல" என்றார்.

"மெஷின் சரியாதான் இருக்கு. தட்டைதான் சரியில்ல."

முப்பத்தொன்று நாற்பதானது. அண்ணனைக் கூப்பிட்டேன். ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் கதவு வரைக்கும் வந்து நின்றான்.

"எனக்கு எதுக்கு? எண்பத்தி நாலு கிலோ. காலேஜ்லேர்ந்தே அதான். எழுதிக்கோ."

"எழுதிட்டேன்ணா. நூத்தி எண்பத்தஞ்சு பவுண்டு. ஆனா பார்த்து எழுதணும்."

"நான் சொன்னா நம்ப மாட்டியா?"

"நம்பறது வேற. நாளைக்கு அந்த மலைக்கு முன்னாடி வண்டி ஏறலைன்னா நான் யாரை நம்பி என்ன பண்றது? ஏறுண்ணா."

முகத்தில் அவன் காட்டியது எரிச்சல் என்றுதான் நினைத்தேன். பிறகு தரையில் கிடந்த தன் பையைச் சட்டென்று தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டான். "சரி, ஒரே தடவையா முடிச்சுடு" என்று ஏறினான். ஜாக்கெட்டும் பையுமாக நூற்று எழுபது.

தாளில் அவனுக்கும் பைக்கும் சேர்த்து நான் போட்டிருந்தது இருநூற்றுப் பதிமூன்று. நாற்பத்து மூன்று குறைகிறது. மொத்தத்தில் அதைக் கழித்தேன். எல்லைக்கு மூன்று பவுண்டு கீழே!

"அப்பாடா! உள்ளே வந்துடுச்சு!" என்று கத்தினேன். வீட்டுக்காரர் கை தட்டினார். "அப்போ புளியோதரை இன்னொரு டப்பா?" என்று கேட்டார். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்துக்கு, எடுத்துக்கோ என்று சொல்லியிருப்பேன். எத்தனை வினாடி அந்த சந்தோஷம் இருந்தது என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். ஐந்தோ, ஆறோ. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விமானத்தில் ஆள் முன் சீட்டில், பை பின்னால். எடை எங்கே உட்காருகிறது என்பதும் கணக்கு. அதனால் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். பை இருபத்தெட்டு. நூற்று எழுபதில் இருபத்தெட்டு போனால் நூற்று நாற்பத்திரண்டு. எழுதினேன். எழுதினதைப் பார்த்தேன். தப்பாகக் கழித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி கழித்தேன். நூற்று நாற்பத்திரண்டு பவுண்டு என்றால் அறுபத்து நாலு கிலோ.

நிமிர்ந்து பார்த்தேன். பையை இறக்கி வைத்துவிட்டு, அவன் உள்ளே போகத் திரும்பிக்கொண்டிருந்தான். பின் கழுத்தில் எலும்பு தெரிந்தது.

"அண்ணா. ஜாக்கெட்டைக் கழட்டு."

"ஏசி..."

"இது கராஜ்! கழட்டுங்கறேன்ல!"

கழற்றினான். உள்ளே சட்டைக்குள் இன்னொரு சட்டை. பெல்ட்டில் கத்தியால் புதிதாகக் குத்திய ஓட்டைகள், ஒன்றுக்கப்புறம் ஒன்றாக மூன்று. வீட்டுக்காரர் கையிலிருந்த டப்பாவைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். பார்க்கிற எல்லோரிடமும் 'இளைச்சுட்டே' என்று சொல்லிச் சொல்லி, அதற்கு அர்த்தமே இல்லாமல் பண்ணி வைத்திருக்கிறோம் நாம். கண்ணெதிரே இருபது கிலோ இளைத்து நின்றவனிடமும் அதையே சொல்லிவிட்டு, பையை வாங்கி டிக்கியில் வைத்தவள் நான்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ஜனவரிலேர்ந்து."

"டாக்டர்?"

"பார்த்தேன். ஸ்கேன் எடுத்தாங்க. வயித்துல என்னமோ இருக்காம். என்னன்னு தெரியணும்னா பயாப்ஸி பண்ணணும்னாங்க." மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னான். "ஏப்ரல்ல டேட் குடுத்தாங்க. தள்ளிப் போட்டேன். அப்புறம் மே."

"அப்புறம்?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "வர்ற திங்கக்கிழமை. கேன்சல் பண்ணிட்டேன். இதை முடிச்சுட்டு வந்து பார்த்துக்கலாம்னு. ரிசல்ட் வந்துட்டா நீ கூட்டிட்டுப் போக மாட்டே. தெரியும் எனக்கு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ட்டு வந்துடலாம்னு... இப்போ கணக்குதான் சரியா வந்துடுச்சே? நீயே சொன்னியே, உள்ளே வந்துடுச்சுன்னு."

வந்துதான் இருந்தது. தாளில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, வீட்டுக்காரர் நிற்க வேண்டியதில்லை, விமானம் அந்த மலையைத் தாண்டும். அவன் உடம்பிலிருந்து கரைந்து போனதில்தான் கணக்கு சரியாகியிருந்தது. தாளைத் திருப்பிக் கவிழ்த்துவைத்தேன்.

"போகலை" என்றேன்.

"ஏய், விளையாடாதே."

"போகலைண்ணா. பைலட் நான். கேன்சல்."

அவனுக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பக் கோபம். "நாலே நாள்! நாலு நாள்ல என்ன ஆயிடும்? அஞ்சு மாசமா ஆகாதது? ஒரே ஒரு விஷயம் கேட்டேன் உன்கிட்ட, இத்தனை வருஷத்துல!" ஜாக்கெட்டைத் தரையில் வீசினான். "நான் போய்ச் சேரப்போறேன்னு முடிவே பண்ணிட்டியா நீ?"

கவிழ்த்துவைத்த தாளின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

"அப்படி முடிவு பண்ணியிருந்தேன்னா நாளைக்குக் காலையிலேயே கூட்டிட்டுப் போயிருப்பேன், லூசு! கணக்காவது, மண்ணாவது. நீ கேட்ட இடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போயிருப்பேன். நீ இருக்கணும்னுதான் போகலைங்கறேன்."

அதற்கப்புறம் அழுதேன். கராஜ் கதவு திறந்திருந்தது, எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார், எதையும் நான் பார்க்கவில்லை. அண்ணன் மெஷின் பக்கத்தில் தண்ணீர் கேன் மேல் உட்கார்ந்துவிட்டான். தங்கச்சி அழுதால் என்ன செய்வது என்று அவனுக்கு என்றைக்குமே தெரியாது. வீட்டுக்காரர்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மச்சான், இங்க மூணேகால். ஜெர்சில நாலேகால். டாக்டர் ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. திங்கக்கிழமை ஸ்லாட்டை வேற யாருக்கும் குடுத்திருக்க மாட்டாங்க. இப்போ பண்ணுங்க."

நாலு மணிக்குள் நான் கிளப்புக்கு போன் பண்ணி விமானத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்சிக்கு மூன்று டிக்கெட் பார்க்க வேண்டும் என்று மனசு ஓடியது. அவன் மாட்டேன் என்றால் என்ன செய்வேன் என்று மட்டும் தெரியவில்லை. இழுத்துக்கொண்டா போக முடியும்?

அண்ணன் பேன்ட் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு எடை மெஷின் மேல் வைத்தான். பத்து நிமிஷம் பாட்டு ஓடியது. அப்புறம் ஒரு பெண் வந்தாள். கேன்சல் பண்ணினதைத் திரும்ப வேண்டும் என்றான். பார்க்கிறேன் என்றாள். காலி இருக்கிறது என்றாள். மயக்க மருந்து கொடுப்பவருக்காகச் சில கேள்விகள் என்று வரிசையாகக் கேட்டாள். சர்க்கரை உண்டா, இல்லை. அலர்ஜி உண்டா, இல்லை. கூட யாராவது வருவார்களா?

அண்ணன் என்னைப் பார்த்தான். "சிஸ்டர்" என்றான்.

அடுத்தது உயரம். சொன்னான். அப்புறம் எடை கேட்டாள்.

கவிழ்த்துவைத்த தாளை எடுத்துத் திருப்பி, நான் எழுதியிருந்ததைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். "ஒன். ஃபோர். டூ."