ஸ்டட் வேண்டாம், போல்ட் போதும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், சாலைக் கடைத்தெரு நண்பர்களுக்கும், அண்ணனின் தங்கையாகிய நான் கைகூப்பி எழுதுகிறேன். அண்ணன் போய் ஓராண்டாகிறது. "நீதானே ஆபீஸில் ஃபைல் எழுதினவள், நீயே எழுது" என்று எல்லாரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். ஃபைல் எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் மூக்குக்கண்ணாடி நனைந்துவிடுகிறது. துடைத்துத் துடைத்துத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது பாளையங்கோட்டையில். அப்பா இந்த மலையாள ஊருக்கு, சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடைக்கு வேலைக்கு வந்தபோது அவர் கைக்குழந்தை. நான் வலியசாலை வீட்டில் பிறந்தவள். அப்பா திடீரென்று தவறியபோது அண்ணன் பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். கருமாதி கழிந்ததும் ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கப் போய் நின்றார். பிறகு சொந்தமாக நட்டு போல்ட்டுக் கடை வைத்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தால், "சரி சரி, சோலியைப் பாரு" என்று எழுந்து போய்விடுவார்.

எதற்கு என்று கேட்காமல் அவர் ஒரு போல்ட்டும் விற்றதில்லை. வாசல் கேட்டுக்கா, ஊஞ்சலுக்கா, தண்ணீர் மோட்டாருக்கா என்று ஒரு விசாரணை நடக்கும். எதற்கும் இருக்கட்டும், பெரிதாகக் கொடுங்கள் என்று கேட்பவரை அவருக்கு ஆகவே ஆகாது. தேவைக்கு மேல் எதுவும் அவருக்குப் பிடிக்காது. இலையில் சோறானாலும், டம்ளரில் காப்பியானாலும், நட்டில் இறுக்கமானாலும் ஓர் இடம் வந்ததும் "போதும்" என்பார். அதற்கு மேல் யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

அந்த மனிதர் மதினிக்குச் சொன்ன ஒரே ஒரு வார்த்தை மட்டும் பாக்கி கிடந்தது. கல்யாணமான புதிதில் பொன்முடி மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்றிருந்தார். கடைக்கு ஞாயிற்றுக்கிழமையும் பாதி கதவு திறந்திருக்கும், போகவே வாய்க்கவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே தலை நரைத்தார்கள். ஒருவழியாகத் தன் பழைய காரில் மதினியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கல்லாறு வரைக்கும்தான் போனார்கள். மலை தொடங்கும் இடத்தில் எஞ்சின் கொதித்து, பின்னால் வெள்ளைப் புகை தள்ளி, வண்டி நின்றுவிட்டது. அங்கிருந்து கட்டி இழுத்து வந்தார்கள். பொன்முடிப் பனியைப் பார்க்கப் போய், ஆற்றில் காலை நனைத்துவிட்டு வந்தோம் என்று மதினி சிரித்துக்கொண்டே சொல்வார். அண்ணன் சிரிக்கவில்லை.

எங்கள் மெக்கானிக் சசி வந்து எஞ்சினைத் திறந்தார். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் தகடு எரிந்து போயிருந்தது. ஹெட்டைப் பிடித்து நிறுத்தும் பழைய போல்ட்டுகளையே திரும்பப் போட்டுவிடலாம் என்றார் சசி. அண்ணன் புது போல்ட் ஒன்றை வரவழைத்து, பழையதன் திருகு மரையோடு அதன் மரையைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டும் பொருந்தவில்லை, நடுவே வெளிச்சம் தெரிந்தது. பழையது இழுபட்டு நீண்டுவிட்டது, இனி அதற்குப் பிடி இருக்காது என்றார். கடை நிறைய போல்ட் இருக்கிறதே, ஒரு கை அள்ளி வந்தால் என்ன என்று நான் கேலி செய்தேன். என் கடைச் சரக்கு கேட்டுக்கு ஆகும், கொதிக்கிற எஞ்சினுக்கு ஆகாது என்றார். தன் சரக்கைத் தானே குறைத்துச் சொன்ன வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு சசி ஸ்டட் போடச் சொன்னார். ஸ்டட் என்பது தலையில்லாத கம்பி. அதைக் கீழ்ப்பாகத்தில் நட்டுவைத்து, ஹெட்டை அதன் மேல் இறக்கி, நட்டு போட்டு இறுக்குவது. போல்ட்டை விடப் பலம். அண்ணனுக்கு அது பிடித்துப்போய், ஒரு செட் வாங்கி வந்து மேசைமேல் வைத்து இரண்டு நாள் அழகு பார்த்தார். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புது போல்ட்டுகளோடு வந்தார்.

ஏன் என்று கேட்டேன். ஸ்டட் போட்டால் ஹெட்டை நேர் மேலே தூக்கித்தான் எடுக்க முடியும், இந்த வண்டியில் மேலே அதற்கு இடமில்லை, அடுத்த முறை திறக்க எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார். இறக்கினால் இறக்கட்டுமே என்றேன்.

"எனக்குப் பெறவு தெறக்குதவன் அவ்வளவு பாடுபட மாட்டாம்ட்டி. வண்டியை ஆக்ரிக்குத் தூக்கிப் போட்டிருவான். போல்ட்டுன்னா ஒரு ஸ்பேனர் இருந்தா மதினி சொல்லி யாரும் கழத்தலாம்."

ஆக்ரி என்றால் இங்கே பழைய இரும்புக் கடை. அவர் நெஞ்சு பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தது எங்களுக்குத் தெரியும். எவ்வளவு பலவீனம் என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது போல. நான் பேச்சை மாற்றினேன்.

இதற்குள் சரஸ்வதி பூசை வந்துவிட்டது. மதினி அந்தப் போல்ட்டுகளைத் தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றின் மரையிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்துவிட்டார். பக்கத்திலிருந்த டார்க் ரெஞ்ச்சுக்கும் ஒரு பொட்டு. அது குறித்த அளவு இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் நீண்ட ஸ்பேனர். மரையில் தூசி இருந்தாலே அந்த டக் பொய் சொல்லும் என்று சசி தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் தாம்பாளத்தைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். நல்ல காரியம் என்றார். இங்கே அஷ்டமியன்றே பூசையில் வைத்துவிடுவார்கள், வைத்ததை விஜயதசமிக்கு முன் எடுக்கக் கூடாதே! அவருக்கு மிச்சமிருந்த நாட்களில் அந்த நாட்களையும் விட்டுக்கொடுத்துக் காத்திருந்தார். தசமியன்று காலையில் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியுமாக உட்கார்ந்து, மரை மரையாகச் சந்தனத்தைக் கழுவினார். ரெஞ்ச்சின் பொட்டை மட்டும் அழிக்கவில்லை.

அன்றே ஹெட்டை ஏற்றினார்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசை மாறாமல், அண்ணனே இறுக்கினார். ஒவ்வொரு டக் வரும்போதும் "போதும்" என்றார். எஞ்சின் உயிர் பெற்றது. தெருவில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தார். மலை ஏறுமுன் எல்லாவற்றையும் இன்னொரு முறை லேசாகத் தளர்த்தி, திரும்ப இறுக்க வேண்டும், புது கேஸ்கட் அமுங்கிக் கொடுக்கும் என்று சசியிடம் சொல்லிவைத்தார். அது முடிந்ததும் பொன்முடி என்று மதினியிடம் சொன்னார்.

அந்த இன்னொரு முறைக்கு அவர் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மதினி ஊட்டிய கஞ்சியில் இரண்டு வாய் குடித்துவிட்டு, "போதும்" என்றார். பிறகு பேசவில்லை.

அதற்குப் பின் மதினி காரைத் தொட விடவில்லை. சசி இரண்டு முறை வந்து, இறுக்காமல் ஓட்டினால் மறுபடி ஒழுகும் என்று சொல்லிப் பார்த்தார். மதினி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அவுக கையால முறுக்கினது. அதை ஒருத்தரும் தளத்தப்பிடாது."

சசி திரும்பிப் போனார், பாவம்! வண்டி போர்வைக்குள் நின்றது. நானும் வற்புறுத்தவில்லை. அண்ணனின் கைப்பலம் அந்த இரும்பில் இன்னும் இருக்கிறது என்று நினைக்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சில நாள் போர்வைமேல் கை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அண்ணா, உங்களை அவ்வளவு தேடுகிறது.

இந்த மலருக்காக உட்கார்ந்தபோதுதான் ஸ்டட்டைத் திருப்பிக் கொடுத்த காரணத்தை மதினியிடம் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. "மதினி சொல்லி யாரும் கழத்தலாம்" என்ற வார்த்தையை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சசிக்குப் போன் போடச் சொன்னார்.

இந்த இடத்தில் நன்றி சொல்லிவிடுகிறேன். இரவும் பகலும் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸ் பெண்களுக்கும், அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த வலியசாலை அண்டை வீட்டாருக்கும், அன்று கடையடைத்து வந்த சாலை வியாபாரிகளுக்கும், மூட்டை சுமக்கும் தோளில் அண்ணனைச் சுமந்த கடைத்தெருத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. சசிக்குத் தனியாக. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, தாமே செய்துவிடாமல், பொட்டு அழியாத அந்த ரெஞ்ச்சை மதினி கையில் கொடுத்தார்.

"பேடிக்கண்டா அக்கா, ஞான் பிடிச்சுக்கறேன்" என்றார். பயப்பட வேண்டாமென்று மலையாளம் கலந்து சொல்லி, கைப்பிடியில் தம் கையையும் சேர்த்துக்கொண்டார்.

முதல் போல்ட்டைத் தளர்த்தியபோது மதினி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அண்ணன் போன வரிசையிலேயே, நடுவிலிருந்து வெளியே, ஒன்றொன்றாக இறுக்கினார். கடைசி போல்ட்டில் டக் என்றது. சசி கையை எடுத்துவிட்டார், மதினி எடுக்கவில்லை. ஓராண்டாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தையை அவரே சொன்னார்.

"போதும்."

நினைவு நாள் கழிந்த மறுநாள் மதினி பொன்முடிக்குப் போகிறார். கல்லாற்றில் இந்த முறை வண்டி நிற்காது.