நான் விட்ட இடைவெளி

போன வாரம் என் மகளின் கல்லூரி நோட்ஸ் புத்தகம் ஒன்று சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மட்டமான தாள், அதைவிட மட்டமான மை. எடுத்து முகர்ந்து பார்த்தேன். எந்தப் புத்தகத்தையும் முதலில் மூக்கால் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. மண்ணெண்ணெய் கலந்த அந்த வாடை என்னை நேராகப் புதுச்சேரி முத்தியால்பேட்டை அச்சகத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. அதோடு மூடி வைத்திருக்கலாம். பக்கத்தைப் புரட்டித் தொலைத்தேன். "'சொல் தா' சிறுகதையின் கருப்பொருளையும் நடையையும் ஆராய்க." உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ. தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து அந்த அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தமிழ் எம்.ஏ. படித்த திமிர் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றது. வல்லினம் எங்கே மிகும் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பு. ஆனால் புதுச்சேரிப் பேச்சில் புழங்கும் பிரெஞ்சுச் சொல் ஒன்றுகூடத் தெரியாது. வந்த புதிதில் முதலாளி ஒரு கவரைக் கொடுத்து மேரியில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். எந்த மேரி, வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அச்சகமே சிரித்தது. மேரி என்றால் கடற்கரையில் இருக்கிற நகராட்சிக் கட்டிடமாம். அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் அடக்கம் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது?

முதலாளி ஒரு சிறுபத்திரிகையும் நடத்தினார். அதற்கு ரெஜினா ஒரு கதை கொண்டுவந்தாள். ரெட்டியார்பாளையத்தில் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள், என் வயதுதான், முதல் கதை. கதையைப் பற்றிக் கேட்டபோது, "அப்பாவ ஒருநாள் கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்டேங்க. நேர்ல மன்னிப்பு கேக்க வாய் வரல. அதான் எழுதிட்டேன்" என்றாள்.

அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் நம் நாக்கில் அப்படி ஆகிவிட்டது. பாதி கிண்டல், பாதி அவர்கள் வாங்கும் பிரெஞ்சுப் பென்ஷன் மேல் வயிற்றெரிச்சல். கதையில் அவர் சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டுக்கொண்டு ரொட்டி வாங்கப் போவார். தெருப்பிள்ளைகள் பின்னாலேயே "சொல்தா! சொல்தா!" என்று கத்திக்கொண்டு வருவார்கள். அவர் திரும்பியே பார்க்க மாட்டார். ஒருநாள் மகளும் அப்படிக் கூப்பிட்டுவிடுவாள். அப்போது மட்டும் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான் கதை. தலைப்பும் 'சொல்தா'. ஊருக்கே தெரிந்த சொல்லுக்கு விளக்கம் எதற்கு என்று அவள் விட்டுவிட்டாள்.

அந்தச் சொல்லையே கேட்டிராத இந்த மேதாவி சும்மா இருப்பானா? இரண்டு வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது, தட்டச்சுப் பிழை என்று முணுமுணுத்துக்கொண்டே சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். சொல், தா. தலைப்பில், பிள்ளைகள் கத்தும் இடத்தில், கடைசியில் மகள் கூப்பிடும் இடத்தில். அப்பாவிடம் மகள் ஒரு சொல் கேட்கிறாள் என்று எண்ணி எனக்குக் கண்கூடக் கலங்கியது. வெட்கக்கேடு.

இதழ் வந்த கையோடு வாசகர் கூட்டம், ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் மாடியில். ரெஜினாவின் அப்பாவுக்குத் தமிழ் படிக்க வராது. காதாலாவது கேட்கட்டும் என்று கூட்டி வந்திருந்தாள். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கதையை ஆராயச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். முக்கால் மணி நேரம் பேசினார். கருப்பொருள், சொல்லுக்காக ஏங்கும் தலைமுறை. பிள்ளைகள் யாசிக்கிறார்கள், முதியவர் தர மறுக்கிறார். ஷூ ஆதிக்கத்தின் குறியீடு. ரொட்டி ஞானத்தின் குறியீடு. நடையோ இறைஞ்சும் நடை. உள்ளூர்க்காரர்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். ஒருத்தராவது எழுந்து சொல்ல வேண்டுமே? வேடிக்கை பார்க்கிற சுகம் யாரை விடும்.

ரெஜினா எழுந்தாள். "சார், அது ஒரே வார்த்த. சொல்தா. எங்கப்பாவ ஊர்ல அப்பிடித்தான் கூப்புடுவாங்க. நான் பிரிச்சு எழுதல."

பேராசிரியர் சிரித்தார். "எழுதி முடிச்ச பிறகு உங்களுக்கு அங்க வேலையே இல்லம்மா. தப்பா விழுந்திருந்தாலும் இதுதான் ஒசந்த அர்த்தம். உங்களது வெறும் பட்டப்பேரு."

அவள் என்னைப் பார்த்தாள். முதலாளி பார்த்தார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல உட்கார்ந்திருந்தேன். பிழை என்னுடையது என்று சொன்னால் எம்.ஏ. என்ன ஆவது? பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அவள் அப்பா எழுந்து, யாரையும் பார்க்காமல் மகளிடம் மட்டும் கேட்டார்.

"என்னப் பத்தி எழுதுனேன்னியே. இதுல நான் எங்க இருக்கேன்?"

படியில் அவர் ஷூ சத்தம் இறங்கிப் போனது. அவளும் பின்னாலேயே ஓடினாள்.

மறுநாள் அச்சகத்துக்கு வந்து அடுத்த இதழில் திருத்தம் போடச் சொன்னாள். பேராசிரியரே பாராட்டியதைப் பிழை என்று எழுதி நம் மானத்தை நாமே வாங்குவதா என்று முதலாளி மறுத்துவிட்டார். நான் மேசையில் குனிந்து எதையோ திருத்துவதுபோல நடித்தேன். போகும்போது என் மேசை அருகே நின்றாள். "நாந்தான் பிரிச்சேன்னு ஒரு வார்த்த. அதக் குடுக்க முடியல உங்களால." திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அவள் அப்பா மறு வருடமே இறந்துபோனார். அவள் பிரான்சுக்குப் போய்விட்டாள். அப்புறம் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. மேரியே ஒரு மழையில் இடிந்து விழுந்து, அதே மாதிரி புதிதாகக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சொல்தா என்று தெருவில் கத்தப் பிள்ளைகளும் இல்லை, திரும்பாமல் நடக்க ஆளும் இல்லை. பேராசிரியரின் கட்டுரை மட்டும் புத்தகமாகி, நோட்ஸாகி, குறியீடு மாறாமல் என் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. என் இடைவெளிக்கு நல்ல ஆயுசு.

பேனாவை எடுத்து இரண்டு சொல்லையும் ஒரு வளைவால் சேர்த்தேன். மகள் பதறிப்போய்ப் புத்தகத்தைப் பிடுங்கினாள். முழுக்கதையும் அவளிடம் சொன்னேன். நான்தான் பிரித்தேன் என்ற வார்த்தை இருபது வருடம் கழித்து, கேட்க வேண்டியவள் இல்லாத இடத்தில், சுலபமாக வந்தது. மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, நாளைக்குப் பரீட்சையில எப்பிடி எழுதட்டும்? சேத்து எழுதுனா மார்க் போட மாட்டாங்களே" என்றாள்.

"பிரிச்சே எழுது" என்றேன்.