சபாநாதன் அண்ணன் சொல்லாத ‘இல்லை’

பண்ருட்டி பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டிக்காக நின்றிருந்தபோது அண்ணனின் மகள் மீனா போன் செய்தாள். பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஹாரன் சத்தத்தில் முதலில் ஒன்றும் காதில் விழவில்லை. “அத்தை, அப்பா போயிட்டாரு” என்று அவள் இரண்டாம் முறை சொன்னபோதுதான் புரிந்தது. “காலையில காபி குடுத்துட்டுத் திரும்புறேன், அவ்ளோதான்” என்றாள். சரிம்மா, வரேன் என்று வைத்துவிட்டேன். வண்டி வந்தது. இடம் பிடித்து உட்கார்ந்தேன். கடலூர் வரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. இனி அதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள், அறிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம் என்ற எண்ணம் மட்டும் வந்தது.

அண்ணனின் படத்திறப்புக்கு வெளியிடும் மலரில் எழுதச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதை வாசிக்கப்போகும் உங்களில் பெரும்பாலோர் அவரை அறிந்தவர்கள். பாதிப் பேருக்கு என்னையும் தெரியும். சிதம்பரம் கீழ வீதி மாடி அறையில் மனு வாங்கி வைத்துக்கொண்டு “உக்காருங்க, அண்ணன் வருவாரு” என்று சிடுசிடுப்பவள் நான்தான், ராஜேஸ்வரி. சேத்தியாத்தோப்பில் தட்டச்சுப் பயிலகம் நடத்திக்கொண்டிருந்தேன். சபாநாதன் அண்ணன் முதல் தடவை எம்.எல்.ஏ. ஆனதும் என்னை அந்த மாடி அறை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் புகழ்ந்து எழுத வராது. அவர் நல்லவர், எளிமையானவர் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். அதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் மற்றவர்கள் யாருக்கும் எழுதத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

அவருடைய வழக்கம் ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்து ஊர் திரும்பியதும், தொகுதியில் ஊர் ஊராகப் போவார். அந்தத் தொடரில் என்னென்ன மசோதா வந்தது, ஒவ்வொன்றுக்கும் தான் என்ன சொன்னார் என்று மக்கள் முன்னால் நின்று வாசிப்பார். சபையில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்பார்கள், எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்பார்கள். யார் எதைச் சொன்னார்கள் என்று பெயர் போட்டு எங்கும் பதிவாகாது. “அதனாலதான் நானே வந்து சொல்றேன். அங்க எவ்ளோ சத்தமா சொன்னனோ அவ்ளோ சத்தமாதான் இங்கயும் சொல்லுவேன்” என்பார். சொன்னபடி தொண்டை கிழியச் சொல்வார். அவருடையது கூட்டணியில் இருந்த சிறிய கட்சி. அதனால் தாளில் முக்கால்வாசி ‘ஆம்’தான் இருக்கும்.

சேத்தியாத்தோப்புச் சந்தையில் ஒரு தடவை, கட்டண உயர்வு ஒன்றுக்கு ‘ஆம்’ சொன்னதாக வாசித்தார். காய்கறிக் கடைக்காரர் ஒருவர் தராசைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். “அத சொல்றதுக்கு இவ்ளோ தூரம் வந்தியா நீ? வெக்கமா இருக்காது?” என்று கேட்டார். கூடவே இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். தன் அப்பா, தாத்தா யாரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை என்று அண்ணன் பின்னால் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு ஒரு மணி நேரம் நின்று முழுதையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் அதே கடைக்காரர்தான் டீ வாங்கிக் கொடுத்தார். “திட்டு வாங்குனா ஒண்ணும் கொறஞ்சுட மாட்டோம் ராஜி. திட்டுறவன் நாளைக்கும் நம்மகிட்ட பேசுவான்” என்று ஜீப்பில் ஏறும்போது சொன்னார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக மட்டும்தான் பட்டது.

அந்தத் தாளைத் தட்டச்சு செய்வது என் வேலை. மூன்று கட்டங்கள் இருக்கும். மசோதாவின் பெயர், எல்லோருக்கும் புரிகிற மாதிரி இரண்டு வரி விளக்கம், மூன்றாவது கட்டத்தில் ‘சொன்னது’. அந்த மூன்றாவது கட்டத்தை சென்னையிலிருந்து வரும் ரயிலில் அவரே பேனாவால் நிரப்பிக் கொடுப்பார். நான் அதைப் பார்த்து அடித்து, பிரதி எடுத்து, ஒவ்வொரு ஊர் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்ட ஏற்பாடு செய்வேன். பத்து வருடம் அதில் ஒரு எழுத்துப் பிழை வந்ததில்லை. அந்தப் பெருமையில்தான் நான் விழுந்தேன்.

இரண்டாம் முறை பதவிக்காலத்தின் கடைசித் தொடர் அது. கடலோர ஊராட்சிகளை நகரத்தோடு சேர்க்க வழி செய்யும் மசோதா வந்தது. புன்னைக்குப்பத்து மீனவர்கள் அதற்குக் கடும் எதிர்ப்பு. ஊராட்சி போனால் நூறு நாள் வேலை போகும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையேறிக் கிடக்கும்போது அந்த ஊர்ப் பெண்கள் அந்த வேலையை நம்பித்தான் அடுப்புப் பற்ற வைத்தார்கள். அண்ணன் சென்னைக்குக் கிளம்புவதற்கு முன் அங்கே போய், “நான் இல்லைன்னுதான் சொல்லுவேன். கட்சி என்ன சொன்னாலும் சரி” என்று மாரியம்மன் கோயில் வாசலில் நின்று வாக்குக் கொடுத்தார். அஞ்சலை என்ற மீன்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொன்னா போதும் மாமா, தோத்தாலும் பரவால்ல” என்றாள். அப்போது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மசோதா நிறைவேறிவிட்டது. அண்ணன் ஊர் திரும்பிய நாளே நெருங்கிய உறவு ஒருவர் இறந்துவிட்டதால், தாளை ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டு அவர் துக்க வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஒரு மசோதாவுக்கு எதிரே மட்டும் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் மாலை புன்னைக்குப்பத்தில் கூட்டம். பிரதி எடுக்கும் கடைக்காரர் கடையைச் சாத்தப் போவதாக ஆள் அனுப்பிவிட்டார். அவசரத்தில் எழுத விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியாதா? வாக்குக் கொடுத்தபோது பக்கத்தில் நின்றவள் ஆயிற்றே. ‘இல்லை’ என்று அடித்தேன். என் திமிர் அது. இன்றைக்கும் வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் துக்க வீட்டிலிருந்து நேராகப் புன்னைக்குப்பத்துக்கு வந்தார். அதற்குள் தாள் சுவரில் ஒட்டியாயிற்று. ஊரே அதைப் படித்துவிட்டுக் காத்திருந்தது. அவர் ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. அஞ்சலை காலில் விழப்போனாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் தாளைக் கையில் கொடுத்தேன். பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எத்தனை வருடமாகச் சுமக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். மற்ற மசோதாக்களை எப்போதும்போல் உரக்க வாசித்தார். இந்த மசோதா வந்ததும், “இல்லை” என்றார். முன் வரிசையில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் ஊர் அதை எடுத்துக்கொண்டது. “இல்லை, இல்லை” என்று ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் அவருக்காகச் சேர்ந்து கத்தினார்கள். இப்போதும் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

ஜீப் பிரதான சாலைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். “நான் ஆம்னு சொன்னேன் ராஜி” என்றார். கட்டத்தை மறந்து விடவில்லை, ஊர் முன்னால் வாயால் சொல்லலாம் என்றுதான் காலியாக விட்டேன் என்றார். பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன். “பயம்கூடக் கிடையாது. பயந்திருந்தாலாவது மனசு ஆறும். சொல்லணும்னுதான் உக்காந்திருந்தேன். சபாநாயகர் கேட்டாரு. பக்கத்துல எல்லாரும் ஆம்னாங்க. என் வாயும் ஆம்னுடுச்சு. பழக்கம்” என்றார். பிறகு ஓட்டுநரிடம், “வண்டியத் திருப்புப்பா, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்” என்றார்.

திருப்ப விடாதவள் நான். “வேணாம்ண்ணே. ரெண்டு மாசத்துல எலக்சன். அவுங்க ஓட்டு மொத்தமும் போயிடும். மசோதா எப்படியும் பாஸ் ஆயிடுச்சு, உங்க ஒரு வார்த்தையால நிக்கவா போவுது?” என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். ஓட்டுநர், அவரும் இப்போது உயிரோடு இல்லை, வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கடைசியில், “சரி, போ” என்றார். மற்ற ஊர்களுக்கான பிரதிகளை அன்றைக்கே வாங்கிக் கிழித்துவிட்டார். அந்தத் தாள் கட்சித் தலைமையின் கண்ணில் பட்டு, ஏன் எதிர்த்தாய் என்று கேட்டிருந்தால் உண்மை தானாக வெளியே வந்திருக்கும். அந்த அதிர்ஷ்டமும் எங்களுக்கு வாய்க்கவில்லை.

தேர்தலில் தோற்றார். புன்னைக்குப்பம் மட்டும் ஏறத்தாழ முழுதாக அவருக்கே போட்டிருந்தது. அந்தச் செய்தி வந்தபோதுதான் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன், தோல்விக்கு அல்ல. பதவி போன பிறகும் அவர் தொகுதியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். உண்மைதான். காட்டுமன்னார்கோயில் பக்கம் போவார், கடலூருக்கு மனுக் கட்டோடு போவார். புன்னைக்குப்பத்துக்கு மட்டும் போகவில்லை. அந்தச் சாலையைத் தவிர்க்க எட்டுப் பத்து மைல் சுற்றிப் போகச் சொல்வார். அஞ்சலை மாதம் ஒரு தடவை நெத்திலிக் கருவாடு எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருவாள். குரல் கேட்டதும் அவர் பின்பக்கப் படியில் இறங்கிவிடுவார். “அண்ணன் வெளிய போயிருக்காரு” என்று நான் பொய் சொல்வேன். அந்தக் கருவாட்டை அவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

இன்னொன்றை நீங்கள் கவனித்தீர்களா தெரியாது. அந்த நாளுக்குப் பிறகு அவர் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்கவில்லை. கிடையாது என்பார், தீர்ந்துபோச்சு என்பார், வேணாம் என்பார். “மீனா வீட்டுல இருக்காளா?” என்றால் “வெளிய போயிருக்கா” என்பார். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பயந்துபோய் விட்டுவிட்டேன். போன வருடம் பக்கவாதம் வந்து பேச்சு குழறியபோது பார்க்கப் போயிருந்தேன். மீனா எதைக் கேட்டாலும் “ஆம்” என்று வந்தது. கஞ்சி வேண்டுமா, ஆம். போதுமா, ஆம். வலிக்கிறதா, ஆம். “இது ஒண்ணுதான் அத்தை அப்பாவுக்குத் தெளிவா வருது” என்று அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இரத்த அழுத்தம் ஜாஸ்தியாக இருக்கிறது, மாத்திரை போட வேண்டும் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அவர் போய் நான்காம் நாள் புன்னைக்குப்பத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊர் எல்லையில் பெரிய பதாகை வைக்கப் போகிறார்களாம். ‘எங்களுக்காக இல்லை என்று சொன்ன ஒரே குரல்’ என்று போடுவதாக இருக்கிறோம், பிழை பார்த்துக் கொடுங்கள் என்று தாளை நீட்டினார்கள். பார்த்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று சாப்பிட முடியவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறிப் போனேன்.

அஞ்சலை வாசலில் வலை ஓரமாக உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நகரத்தோடு ஊர் சேர்ந்த பிறகு நூறு நாள் வேலை நின்றுபோய், அறுபது வயதில் கூடை தூக்கி விற்கப் போகிறாள். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னது ஆம். தாளில் இல்லை என்று அடித்தது நான். திரும்பி வந்து சொல்கிறேன் என்றவரைத் தடுத்ததும் நான். அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்கவில்லை. காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“அதனாலதான் எங்க ஊருக்கு வரலியா அவரு?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

“நாங்க என்ன தப்பு பண்ணோம்னு தெரியலியேன்னு இத்தினி வருசமா பேசிக்கினு இருந்தோம்மா. மாலை போட்டப்ப கொறையா எதுனா நடந்துச்சா, யாராச்சும் எதுனா பேசிட்டாங்களான்னு. ஊர்க் கூட்டத்துல ரெண்டு தடவ இத வெச்சுப் பேசுனாங்க. நான் கருவாடு தூக்கினு வந்ததெல்லாம் மன்னிப்புக் கேக்கத்தான். அவரக் கண்ணுலயே காட்டல நீ.” அடுத்த மீனை எடுத்தாள். “வந்து சொல்லியிருந்தா திட்டியிருப்போம். நல்லா திட்டியிருப்போம். திட்டிட்டு சோறு போட்டிருப்போம்.”

அஞ்சலை ஊரில் சொல்லிவிட்டாள், பதாகை வைக்கவில்லை. படத்திறப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னைத் திட்டத்தான் வருகிறார்களா என்று எனக்குத் தெரியாது.

அண்ணனின் நினைவாக எதை வைத்திருக்கிறாய் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பேனா, கண்ணாடி, படம் எதுவும் என்னிடம் கிடையாது. திருப்பு என்று அவர் சொன்ன வண்டியை நான் திருப்ப விடவில்லை. புன்னைக்குப்பத்தில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய திட்டும், அதற்குப் பிறகு போட்டிருப்பார்கள் என்ற சோறும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் நினைவாக அந்தக் கடன்தான் என்னிடம் இருக்கிறது.