மொரீஷியஸிலிருந்து மல்லாந்து வந்தேன்

கிராண்ட் பே கடற்கரையிலிருந்து மொரீஷியஸ் விமான நிலையம் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. டாக்சிக்கு அந்த ஊர்ப் பணத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். விடிந்ததும் கிளம்பினோம். என் மனைவி வசந்தா அரக்குப் பட்டுப்புடவையில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பின் சீட்டில் மல்லாந்து படுத்திருந்தேன். ஆகவே அந்தச் சாலையைப் பற்றி நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்: மின்கம்பிகள், தென்னை மட்டைகள், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதுபோல ஒரு மலை உச்சி. வானம் நன்றாக இருந்தது.

ஓட்டுநர் நல்ல மனிதர். "லுக் லெஃப்ட் சார், டமில் டெம்பிள்!" என்று ஆங்கிலத்தில் கூவி வண்டியை மெதுவாக்கினார். ஜன்னலில் வண்ணவண்ணமாக ஒரு கோபுரத்தின் உச்சி மட்டும் வந்து போயிற்று. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று படுத்தபடியே கும்பிட்டுக்கொண்டேன்.

எப்படி இந்தக் கோலம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. தோட்டத்து மோட்டாரோ வீட்டு கிரைண்டரோ, எரிந்துபோய் வந்தால் குனிந்து உட்கார்ந்து கட்டித் தருவேன். ஒருநாளும் இடுப்பு வலித்ததில்லை. எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் கவிதாவும் மாப்பிள்ளையும் சேர்ந்து இந்தத் தீவுப் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். டிக்கெட் போட்ட பிறகுதான் கவிதாவின் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். நாங்கள் திரும்பி வரும் நாளுக்கு மறுநாள் காலை! "மொத வளையல் நான்தான் போடணும். ப்ளேன் ஒருநாள் தள்ளிப் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று வசந்தா புறப்படவே மறுத்தாள். நான்தான் சமாதானப்படுத்தி அழைத்துப் போனேன்.

தீவில் நான் எதையும் விடவில்லை. கடலுக்கு மேலே பாராசூட்டில் படகு இழுக்கப் பறந்தேன். கண்ணாடிப் படகில் போய்ப் பவளப்பாறை பார்த்தேன். ஏழு நிறத்தில் மண் இருக்கும் சமாரெல் மேட்டில் ஏறி இறங்கினேன். ஒரு கீறல் இல்லை. கடைசி நாள் மாலை, ஹோட்டல் அறையில், கட்டிலுக்கடியில் விழுந்த டிவி ரிமோட்டை எடுக்கக் குனிந்தேன். இடுப்பில் 'கடக்' என்றது. அதன்பிறகு நிற்க முடிந்தது, படுக்க முடிந்தது, உட்காரத்தான் முடியவில்லை.

ஹோட்டலுக்கு வந்த டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, "தசைப்பிடிப்புதான். பறக்கலாம். முடிந்தவரை படுத்தே போங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். விமானத்தில் எங்கே படுப்பது? கவிதா ஊரிலிருந்தபடியே எங்கள் இருவர் டிக்கெட்டையும் பிசினஸ் கிளாசுக்கு மாற்றிவிட்டாள். அதற்கு ஆன தொகையை இங்கே எழுதினால் வசந்தா படித்துவிடுவாள். எழுதவில்லை.

பிசினஸ் கிளாஸ் என்றதும் அதற்குத் தக்கபடி போகவேண்டுமென்று முடிவு செய்து வசந்தா கட்டியதுதான் அந்தப் பட்டுப்புடவை. உள்ளே போய்ப் பார்த்தால் ஆண்களும் பெண்களும் அரை டிராயரும் ரப்பர் செருப்புமாக இருந்தார்கள். "இன்னாங்க இது, எல்லாரும் குளிக்கப் போறவங்க மாதிரி வந்துக்கினு இருக்காங்க?" என்றாள். இருக்கைகள் இரண்டிரண்டாக, ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரத்துக்கு நீளம். பொத்தானை அழுத்தினால் சாய்ந்து சாய்ந்து கட்டிலாகிறது. நான் ஒரு கணம்கூட வீணாக்காமல் அழுத்திப் படுத்துவிட்டேன். அங்கே கொடுத்த போர்வையை வசந்தா இரண்டு விரலால் நெருடிப் பார்த்தாள். நெசவுக் குடும்பத்துப் பெண், எங்கே போனாலும் அதை விடமாட்டாள். "நூலு பரவால்ல. ஆனா நெருக்கமில்ல" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அப்போது பணியாளர் ஒருவர் பழச்சாறு கொண்டுவந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையில் குத்தியிருந்த பெயர் 'ஆர்மூகம்'.

"ஆறுமுகமா! தம்பி, உனக்கு எந்த ஊருப்பா?" என்றாள் வசந்தா.

அவர் சிரித்துக்கொண்டே, தன் முன்னோர் எந்தக் காலத்திலோ மெட்ராசிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்கள், தனக்குத் தமிழ் தெரியாது, ஆனால் தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் காவடி எடுப்பது உண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். "காவடி எடுக்கறவனுக்குத் தமிழ் எப்படித் தெரியாம போவும்?" என்று வசந்தா அவரிடம் கடைசிவரை தமிழிலேயே பேசினாள்.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு வேர்த்தது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கையை நேராக நிமிர்த்தி, பெல்ட் போட்டு உட்கார்ந்தே ஆகவேண்டும். படுக்கும் வசதியெல்லாம் நடுவானத்தில்தான்.

டாக்டர் சீட்டைக் காட்டினேன். படித்தார். அவர் முகம் மாறியது. "சார், உட்கார முடியாதென்றால் நான் கேப்டனிடம் சொல்லவேண்டும். அவர் உங்களை இறக்கிவிடச் சொல்லலாம். சென்னைக்கு அடுத்த விமானம் மூன்று நாள் கழித்துத்தான்" என்றார் பணிவாக.

மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. 'கேப்டன்' என்ற சொல்லிலேயே வசந்தாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வசந்தா, நீ மட்டும் போ. வளைகாப்பை விட்டுடாத" என்றேன்.

அவள் பணியாளரைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்து, "அஞ்சு நிமிஷம், ஆறுமுகம்" என்றாள். கைப்பையிலிருந்து ஒரு நூல் சேலையை உருவினாள். என்னை எழுப்பி நிறுத்திக் கழிப்பறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். என் பின்னாலேயே அவளும் நுழைந்து கதவைச் சாத்தியபோது, அரை டிராயர் கனவான் ஒருவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

பிசினஸ் கிளாஸ் கழிப்பறை விசாலமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு பேர் நின்றால் மூச்சு ஒருவர் விட்டு ஒருவர்தான் விடவேண்டும். மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பில் துண்டு இறுக்குவதுபோல, அவள் சேலையை மடித்து என் இடுப்பைச் சுற்றினாள். ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள்.

"ஐயோ!"

"கத்தாதீங்க. வெளிய இருக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"ஏற்கெனவே நெனச்சிட்டாங்க."

ஆறு சுற்று. முடிச்சு. சட்டையை அதன்மேல் இழுத்து விட்டதில் நான் ஐந்து மாதக் கர்ப்பம்போல் ஆனேன். இருக்கைக்கு வந்து, முதுகுக்குப் பின்னால் போர்வையைச் சுருட்டி வைத்து, மெல்ல என்னை இறக்கினாள். உட்கார்ந்தேன். கண்ணில் நீர் முட்டியது.

"சிரிங்க. ஆறுமுகம் வர்றாரு."

"முடியல, வசந்தா."

"பல்லு தெரியச் சிரிங்க!"

சிரித்தேன். அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "ஓகேவா சார்?" என்றார். "ஓகே" என்று சொன்ன குரல் என்னுடையதாக இல்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று, தீர்மானித்து, பெல்ட்டைச் சரிபார்த்துவிட்டுப் போனார். விமானம் ஓடி மேலே எழும்பியது. ஜன்னலுக்குக் கீழே கரும்பும் கடலும் சரிந்துபோனதாக வசந்தா சொன்னாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு எதிரே இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெல்ட் விளக்கு அணைந்ததும் கட்டிலானேன். சென்னை வரை ஆறு மணி நேரத்துக்கு மேல். வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் தட்டில் சாப்பாடு வந்தது. படுத்தபடி சாப்பிட வழியில்லாததால் எனக்கு இரண்டு ரொட்டித் துண்டு மட்டும் ஊட்டிவிட்டு, என்னுடையதையும் சேர்த்து வசந்தாவே சாப்பிட்டாள். "வீணாக்கக் கூடாதுங்க" என்றாள். ஆனால் அவள் தன் இருக்கையைச் சாய்க்கவில்லை. ஆறுமுகம் மூன்று முறை செய்துகாட்டியும் மறுத்துவிட்டாள். படுத்துத் தன் இடுப்பும் நிமிராமல் போனால் தன்னை எந்தச் சேலையால் கட்டுவது என்பது அவள் கேள்வி.

இந்தியப் பெருங்கடலுக்கு மேலே எங்கோ கேட்டேன். "நான் உன்னை மட்டும் போன்னு சொன்னப்போ ஒண்ணும் சொல்லலியே. நெஜமா விட்டுட்டுப் போயிருப்பியா?"

"போயிருப்பேன்" என்றாள், கேக்கை வெட்டிக்கொண்டே. "பொண்ணுக்கு மொத வளைகாப்பு. உங்கள ஆறுமுகம் பாத்துக்குவாரு." வாயில் போட்டு மென்று முடித்தாள். "போயிருப்பேன்னு எனக்கே தெரிஞ்சிதான் அவ்ளோ இறுக்கிக் கட்டினேன்."

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டுக்கொண்டேன். இடுப்பு வலித்தது. ஆனாலும் நன்றாகத் தூங்கினேன்.

சென்னையில் வெயில் சாயும் நேரம். மறுபடி நிமிர்ந்து, மறுபடி சிரித்தேன். விமானம் இறங்கவில்லை, விழுந்தது. மேலே இருந்த பெட்டிகளெல்லாம் அதிர்ந்தன. என் இடுப்பில் இன்னொரு 'கடக்'. முடிந்தது என் கதை என்று கண்ணை மூடினேன். திறந்தபோது வலி இல்லை. அந்த டாக்டரின் மாத்திரையா, விமானி போட்ட போடா, இன்றுவரை தெரியாது. எழுந்தேன், குனிந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். ஆறுமுகம் கைகூப்பி, தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லால், "வணக்கம்" என்று வழியனுப்பினார்.

விமான வாசலில் கவிதா சொல்லி வைத்திருந்த சக்கர நாற்காலியுடன் ஒருவர் நின்றிருந்தார். "பேஷண்ட் யாரு சார்?" என்றார். நான் நேராக நின்றுகொண்டிருந்தேன். வசந்தாவோ பத்தடி நடந்ததும் நின்றுவிட்டாள். காலைத் தொங்கப்போட்டே வந்ததில் பாதம் இரண்டும் பணியாரமாக உப்பி, செருப்புக்குள் நுழைய மறுத்தன. "நான்தாம்பா" என்று சொல்லி உட்கார்ந்தாள். பட்டுப்புடவையும் மடியில் கைப்பையுமாக அவள் வரிசையெல்லாம் கடந்து முன்னால் போக, செருப்பை ஒரு கையிலும் பெட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாக அனுபவித்தாள்.

மறுநாள் காலை காஞ்சிபுரத்து மண்டபத்தில் கவிதாவின் கையில் முதல் வளையலை வசந்தாதான் போட்டாள். போடும்வரை அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. போட்டு முடித்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முசரவாக்கத்திலிருந்து வந்திருந்த என் அக்கா எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு, "ஏன்டா, அம்மாந்தூரம் போயி அவ்ளோ பணம் குடுத்துப் படுத்துக்கினு வந்தியா? வூட்லயே படுத்திருந்தா யாருடா உன்ன கேக்கப் போறா?" என்றாள்.

தீவு அழகானது, அந்த இருக்கையும் சுகமானதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பந்திக்கு அழைத்துவிட்டார்கள். தரையில் பாய் விரித்து இலை போட்டிருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு வாங்கினேன். பக்கத்து இலைக்காரர்கள் எழுந்துபோய்க் கை கழுவினார்கள். அடுத்த பந்திக்கு இலை எடுக்க வந்தவர், "இன்னா சார், எழுந்துக்க முடியலையா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"முடியும்பா. இன்னும் கொஞ்ச நேரம் உட்காந்துக்கினு இருக்கேனே" என்றேன்.