பஸ் ஓடாத நாட்களில் போன மாடு

எங்களுக்கு மாடு வளர்க்கத் தெரியாது என்பதை ஊரார் கண்டுபிடிப்பதற்கு முன்பே மாடு கண்டுபிடித்துவிட்டது.

நாங்கள் பெரம்பூரில் ஒற்றை அறையில் குடியிருந்தவர்கள். என் கணவர் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடையை மூடிய அதே வருஷம், பிள்ளை இல்லாத அவருடைய தாய்மாமன் இறந்துபோனார். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஒன்றே முக்கால் ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டாய் எல்லாம் எங்களுக்கு வந்தன. போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினோம். எனக்குப் பயத்தைவிட வேடிக்கை பார்க்கும் ஆசைதான் அதிகம். கறந்த பால் சூடாக இருக்கும் என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரியும்.

முதலில் இரண்டு வெள்ளாடு வாங்கினோம். அவை நாங்கள் நட்ட முருங்கைப் போத்துகளைத் தின்றன, பக்கத்துக் கொல்லை உளுந்தைத் தின்றன, கொடியில் காய்ந்த என் புடவையின் முந்தானையைத் தின்றன. வாங்கிய கோழிகள் முட்டையே இடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வைக்கோல் போரைப் பிரித்தபோது உள்ளே ஒரு குவியல் இருந்தது, பாதி அழுகிப்போய். கோழி ஏன் நாம் வைத்த கூடையை விட்டுவிட்டு அங்கே போகிறது என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கூடை வைத்திருந்த இடத்தில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. கூடையைச் சுவர் மூலைக்கு மாற்றியதும் ஒரு கோழி மட்டும் வந்தது. மற்றவை வரவில்லை. ஏன் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் மாடு. கரும்புத் தோட்டக்காரர்கள் வைத்திருந்த சீமை மாடுகள் அருகில் வந்தாலே நான் வரப்பை விட்டு இறங்கி ஒதுங்கிவிடுவேன். சந்தையில் ஒரு தரகர் கல்வராயன் மலை மாடு ஒன்றைக் காட்டினார். என் இடுப்புக்கும் கொஞ்சம் மேலே, செம்பட்டை நிறம், கண்ணைச் சுற்றி மை தீட்டினது போல. தீனி கம்மி, நோய் வராது, சின்னதாக இருப்பதால் பயமில்லை என்றார். அவர் சொன்ன மூன்றும் பொய்யில்லை. அந்த மாட்டுக்கு எங்களிடம் இருக்க மனமில்லை என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்காது.

மாடு கொட்டாய்க்குள் காலே வைக்கவில்லை. இழுத்தால் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். மழை பெய்தால் நனைந்துகொண்டே வெளியில் நிற்கும். தவிடு கலந்த தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதோடு கன்று ஒன்றும் வந்திருந்தது. கன்றை விட்டுக் கறந்தாலும் கால் ஆழாக்குக்கு மேல் இறங்காது. அதையும் என் கணவர் கறந்து முடிப்பதற்குள் ஒரு உதை நிச்சயம். கொஞ்ச நாளில் கன்று கழிச்சல் கண்டு செத்துப்போனது. அன்றைக்கு அவர் கிணற்றடியில் உட்கார்ந்து, மெட்ராஸுக்கே போய்விடலாம் என்று முதல் தடவையாகச் சொன்னார்.

பக்கத்து வீட்டு அக்கா எங்களைவிட வயதில் மூத்தவர், நாலு மாடு வைத்திருந்தவர். மாட்டுக்குக் கண் பட்டிருக்கிறது என்றார். அவருடைய மாமனார், கொட்டாயின் உத்தரம் திசை மாறிக் கிடக்கிறது என்றார். பால் சொசைட்டியில் பாலை அளப்பவர் வயிற்றில் பூச்சி என்றார். நாங்கள் மிளகாய் சுற்றிப் போட்டோம், பூச்சி மருந்தும் கொடுத்தோம். உத்தரத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாடு மாறவில்லை.

இரண்டு முறை அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் கிடைத்தது. எங்கள் மண் பாதை தார் ரோட்டில் போய்ச் சேரும் இடத்துக்குப் பத்தடி முன்னால், புளியமரத்தடியில் நின்றுகொண்டிருக்கும். ரோட்டில் பஸ்ஸோ கரும்பு லாரியோ போகும்போது உடம்பு முழுக்கச் சிலிர்க்கும். பிடிக்கப் போனால் அடங்கி வந்துவிடும். நல்ல மாடுதான், தூரம் போவதில்லை என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. அந்த முறை ரோட்டை மறிப்பது என்று முடிவாகியிருந்தது. எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் விடியுமுன்பே போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரரும் போனார். மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பால் வண்டி வரவில்லை. ரேடியோவில் மற்ற ஊர்களின் செய்தியைக் கேட்டுவிட்டுப் பெண்கள் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். விற்க முடியாத பால் வீட்டுக்கு வீடு மிஞ்சியது. அக்கா ஒரு குண்டான் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பேச்சு பாலில் இல்லை, ரோட்டில் இருந்தது. மத்தியானம் சோறு எடுத்துப் போனால் உள்ளே விடுவார்களா என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? இருவரும் சேர்ந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பி வந்தபோது முளைக்குச்சியில் கயிற்றின் துண்டு மட்டும் தொங்கியது.

வழக்கமான புளியமரத்தடிக்குப் போனோம். மாடு இல்லை. அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த இடம் அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. ரோட்டில் ஒரு சத்தமும் கிடையாது. மாடு அதுவரை நின்றது எங்கள் மேல் இருந்த விசுவாசத்தால் இல்லை, பஸ்ஸுக்குப் பயந்து. பஸ் நின்றதும் அது ரோட்டைத் தாண்டிவிட்டது. கணவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இத்தினி நாளா நமக்குத்தான் தெரியல" என்றார்.

மரம் சாய்த்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டோம். சோற்றுத் தூக்கோடு இருந்த ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"காலையிலருந்து ஒரு வண்டிய வுடல. ஒரு மாடு மட்டும் போச்சு. அத்த நிறுத்தணும்ன்னு யாருக்கும் தோணல" என்றார்.

எந்தப் பக்கம் என்று என் கணவர் கேட்டார்.

"மலைப்பக்கந்தாங்க. வழி தெரிஞ்ச மாதிரி போய்க்கினு இருந்துச்சு."

மறுநாள் விடிகிற நேரத்தில் நாங்களும் நடந்தோம். ஆடு கோழியை அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் வெளியே போகாதீர்கள் என்றும் சொன்னார். எனக்கும் உள்ளே பயம் இருந்தது. ஆனால் அந்த மாடு எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. மலை ரோட்டில் ஏற ஏறக் கீழே கோமுகி அணையின் தண்ணீர் தகடு போலத் தெரிந்தது. பஸ்ஸில் போயிருந்தால் கவனித்திருக்க மாட்டோம். ரோட்டு ஓரத்தில் ஈரமாக இருந்த இடங்களில் எல்லாம் சின்னக் குளம்புத் தடம் பதிந்திருந்தது. ஓரிடத்தில் வளைவைச் சுற்றிப் போகாமல் புதருக்குள் ஏறிக் குறுக்கே போயிருந்தது. நாங்களும் அதே வழியில் ஏறினோம். மேல் வளைவில் தடம் மறுபடி கிடைத்தது. என் கணவருக்கு அன்றைக்குத்தான் அந்த மாட்டின் மேல் மரியாதை வந்தது.

மலைமேல் இருக்கும் கரியாலூர் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கடையில் விசாரித்து, சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்த சில வீடுகளுக்கு வந்தோம். ஒரு வீட்டின் பக்கத்தில் மரக்கட்டைகளால் அடைத்த பட்டி இருந்தது. கூரை இல்லை. உள்ளே எங்கள் மாட்டைப் போலவே சின்னச் சின்ன மாடுகள். எங்கள் மாடு அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, ஒரு கருத்த மாட்டின் விலாவில் உடம்பைச் சாய்த்துப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அது படுத்து நான் பார்த்ததே இல்லை. நின்றபடிதான் இருக்கும்.

வீட்டுக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். எங்களைக் கண்டு திகைத்துப்போனார்.

"நாங்க தரகருகிட்ட இல்ல வித்தோம். நீங்க வாங்கனவங்களா? இன்னிக்கி வெடியறப்ப தானா வந்து நிக்குது. ஆரும் தேடி வருவாங்கன்னு நெனைக்கல" என்றார்.

ஏன் திரும்பி வந்தது என்று கேட்டேன்.

"எனக்கும் அதான் புரியல. இதுக்கு முன்ன வித்தது ஒண்ணும் வரலியே."

அன்றிரவு அங்கேயே தங்கச் சொன்னார். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டார். அவருக்கு எங்களிடம் கேட்க நிறைய இருந்தது. மெட்ராஸில் வேலை இருக்கும் இடத்தை விட்டு யாராவது மாடு மேய்க்க வருவார்களா, ரயில் கிளம்புமுன் ஏன் ஊதுகிறது, ஒரே அறையில் சமைத்துத் தூங்கினால் புகை எங்கே போகும். நான் அவரிடம் மாட்டைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் மாடுகளைக் கட்டிப்போடுவதில்லை. காலையில் காட்டுக்கு விட்டுச் சாயங்காலம் பட்டியில் அடைப்பார்கள். பாலுக்காக வளர்ப்பதும் இல்லை, ஏருக்கும் எருவுக்கும்தான். அந்தக் கருத்த மாடு எங்கள் மாட்டுக்கு உடன்பிறப்பா என்று கேட்டேன்.

"அக்கா தங்கச்சிலாம் கெடையாது. ஒரே மழையில பொறந்துதுங்க. அதிலருந்து ஒண்ணாத்தான் திரியும்."

காலையில் பட்டியைத் திறந்தபோது பார்த்துக்கொண்டு நின்றேன். மாடுகள் ஒவ்வொன்றாக வெளியேறின. எங்களுடையது வாசலில் நின்றது. கருத்தது வந்த பிறகு அதன் வாலுக்குப் பின்னால் நடந்தது. எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் நடக்க ஒரு மாடும் இல்லை. அதுதான் காரணமா என்று உறுதியாகத் தெரியாது. ஆனால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

வீட்டுக்காரர்கள் வேறு சாதுவான மாட்டை மாற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். என் கணவருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நான் இரண்டையும் கேட்டேன். ஒன்றையே சமாளிக்க முடியவில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். வாங்குவதற்கு எங்களிடம் வழியும் இல்லை. அந்தம்மா உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரிடம் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். கருத்ததை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, ஓட்டிப் போகச் சொன்னார். அது போடுகிற முதல் கன்று அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. "பொழைக்குதான்னு நானும் பார்க்கணும்" என்றார்.

கருத்ததை முன்னால் விட்டு இறங்கினோம். கயிற்றை இழுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அடிவாரத்துக்கு வந்தபோது மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. முதல் பஸ் வந்ததும் இரண்டும் மிரண்டு கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்தன. எங்களையும் சேர்த்து இழுத்துப்போயின. தோகை கிழித்த கைகளோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். மாடுகள் தோகையைத் தின்ன ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. பஸ் எதுவும் வராத நேரம் பார்த்து வீடு சேர்ந்தோம். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரரும் அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தார். கோஷம் போட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அக்கா அவருக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்.

கொட்டாய் வேண்டாம் என்று முடிவு செய்து, வேலிக் கழிகளை நட்டுத் திறந்த பட்டி ஒன்று போட்டோம். ஊரில் சிரித்தார்கள். இரண்டும் அதில் படுத்தன. கால் ஆழாக்குப் பால் அரைப் படியாகிவிடவில்லை. மலை மாடு மலை மாடுதான். ஆனால் அவற்றின் எரு விழுந்த இடத்தில் வேர்க்கடலை நன்றாகப் பிடித்தது. அதைப் பார்த்துத்தான் என் கணவர் மெட்ராஸ் பேச்சை விட்டார். சீமை மாடு ஒன்றைப் பாலுக்கென்று பிறகு வாங்கினோம். அதையும் கறக்கக் கற்றுக்கொண்டோம், நான் முதலில், அவர் அப்புறம்.

அடுத்த வருஷ மழைக்குப் பிறகு கருத்தது காளைக் கன்று போட்டது. அது தாயை விட்டுத் தானாக மேய ஆரம்பித்ததும் சொல்லி அனுப்பினோம். கன்றை ஓட்டிப்போக அந்தம்மா தனியாகப் பஸ்ஸில் வந்தார். கன்றைத் தடவிப் பார்த்தார், பட்டியைச் சுற்றி வந்தார், சீமை மாட்டின் மடியைக் குனிந்து பார்த்து வாயில் கை வைத்தார். பிறகு அணையைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். தங்கள் காட்டில் இறங்குகிற ஓடைகள்தான் இங்கே வந்து நிற்கின்றன என்று அவருக்குத் தெரியும். மதகைத் தாண்டி எங்கே போகிறது என்று கேட்டார்.

கால்வாயில் போகிறது, வயலுக்குப் போகிறது என்றேன். எந்த வயல் என்றார். எனக்கும் தெரியவில்லை. கால்வாய்க் கரை மேலேயே இருவரும் நடந்தோம். அது இரண்டாகப் பிரிந்தது, இன்னும் சின்னதாகப் பிரிந்தது, கடைசியில் ஒரு முழ அகலம்கூட இல்லாமல் யாரோ ஒருவருடைய நாற்றங்காலுக்குள் நுழைந்தது. மடை திருப்பிக்கொண்டிருந்த ஆள் மண்வெட்டியை ஊன்றி எங்களைப் பார்த்தார். அந்தம்மா குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

"மேல இத்தினி மண்ணு வாசன இருக்காது" என்றார்.