இகரம் விழுந்த நாடகம்

உரத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எல்லாரும் அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியல் போடுகிற அந்தக் கை, கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாடகத்தையும் தட்டச்சு செய்து வைத்திருந்தது. கல் மனசுக்காரரையும் கரைத்துவிடும் சோக நாடகம் என்பது அவளுடைய நம்பிக்கை. கணவர் உட்பட யாரும் அதைப் படித்ததில்லை.

ஆண்டுவிழாவுக்கு நாடகம் வேண்டுமென்று பேச்சு வந்தபோது, “என்கிட்ட ஒண்ணு இருக்கு” என்று வாயைக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பழைய குறுந்தட்டைத் தேடியெடுத்துக் கோப்பைத் திறந்தால், திரை முழுக்கக் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள். கணினி பழுது பார்க்கும் கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, என் நாடகத்தைப் பேய் பிடிச்சிருக்கு.”

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல அண்ணி. அந்தக் காலத்து ஃபாண்ட் உங்க கம்ப்யூட்டர்ல இல்ல. அனுப்பறேன், போட்டுப் பாருங்க.”

போட்டாள். கொம்புகள் உதிர்ந்து தமிழ் வந்தது. முதல் பக்கத்திலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரிகள் மனப்பாடம் என்பதால் கண் எழுத்தின் மேல் நிற்கவே இல்லை. அப்படியே அச்சடித்து நடிகர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

பிள்ளைகள் கைவிட்ட தகப்பன் வேடம் வாசல் காவலருக்கு. எழுத்தில் இருந்தால் அது உத்தரவு என்று நினைக்கிற மனிதர். வீட்டிலேயே நெட்டுருப் போட்டுக்கொண்டு ஒத்திகைக்கு வந்தவர், நெஞ்சில் கை வைத்து, குரல் தழுதழுக்க ஆரம்பித்தார்.

“ங்கே னி எனக்கு டமில்லை. என் தயம் டிந்துவிட்டது!”

மகளாக நடித்த ஆய்வகப் பெண் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது. கணக்கக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்னண்ணே விளையாட்டு இது?”

“தாள்ல இருக்கிறதைத்தானேம்மா சொன்னேன்?” காவலர் நிஜமாகவே குழம்பிப் போனார். “கிழவன் வேஷமாச்சே, முன்பல்லு போயிருக்கும்னு நினைச்சேன். பொக்கை வாய்ப் பேச்சை எவ்வளவு அழகா எழுதியிருக்காங்கன்னு வீட்டுல கூடச் சொன்னேன்.”

தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். நாடகம் முழுக்க ஓர் ‘இ’ கூட இல்லை. மற்றவர்கள் பிழை என்று நினைத்துத் தாங்களே சேர்த்துப் படித்திருக்கிறார்கள்.

“‘இ’ எங்கேயும் போகல அண்ணி,” என்றான் கொழுந்தன், மறுபடியும் போனில். “பழைய ஃபாண்ட்ல அதுக்குக் கொடுத்த இடத்தை, இப்போ இருக்கிற மென்பொருள் வரி முடியற இடத்துல வார்த்தையை உடைக்கிற கோடுன்னு நினைச்சு மறைச்சு வைக்குது. மறைஞ்ச குறியெல்லாம் காட்டுற பட்டனை அழுத்துங்க.”

அழுத்தினாள். ‘இ’ இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் குட்டிக் குட்டிக் கோடுகள் எட்டிப் பார்த்தன.

“ஆமாடா தம்பி, எல்லாம் இங்கேயேதான் ஒளிஞ்சிருக்கு!”

“வேற ஃபாண்ட் ஒண்ணு அனுப்பறேன். அதுல ‘இ’யை இடம் மாத்திட்டாங்க. அந்தக் கோட்டைத் தேடச் சொல்லி, ‘இ’ போட்டு மாத்துங்க.”

ஒரே தட்டில் அத்தனையும் திரும்பி வந்தன. கணக்கக்கா கணினியைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. புதுத் தாள்களைக் கொடுத்தாள்.

ஆனால் காவலர் நாக்கு திருந்தவில்லை. படித்தது படித்ததுதான். கவனமாகச் சொல்ல முயன்றால் ‘இ’ வேண்டாத இடத்தில் வந்து விழுந்தது. “இஎன் தயம்” என்பார், வியர்த்துக் கொட்டும்.

விழாவன்று கூட்டத்தைக் கண்டதும் கொஞ்சநஞ்சம் கற்றதும் பறந்துவிட்டது. “மகளே, நான் ன்னும் றக்கவில்லை!” என்று அவர் கதறியபோது சிரிப்பில் அரங்கமே அதிர்ந்தது. திரைக்குப் பின்னால் கணக்கக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கடைசிக் காட்சியில் அவர் உயிரை விட்டதும் முன்வரிசையிலிருந்து மேலாளர், “இன்னொரு தடவை!” என்று கத்தினார். மேலாளர் சொன்னால் அதுவும் உத்தரவுதான். காவலர் எழுந்து, கூட்டத்தைக் கும்பிட்டு, மறுபடியும் செத்தார்.

வீடு திரும்பும் பேருந்தில் அவள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். பாதி வழி போனதும் மெல்ல அவர் பக்கம் சாய்ந்தாள்.

“என்னங்க, ரெண்டாவது தடவை செத்தப்போ... கொஞ்சம் நல்லாவே செத்தார், இல்ல?”

அதற்கு மேல் அவளாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.